பாம்பன் காற்றுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி: அண்ணே, பாம்பன் தெற்குவாடியில் இருக்கிறேன். வயது 21. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் ராமேஸ்வரத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்து இரண்டு வருடத்தில் 85,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். முதல் கேமிங் பிசி போட ஆசை. வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் புதிதாக வருகிற பெரிய கேம்களும் ஓட வேண்டும். வீடியோ பார்த்து இப்படி ஒரு லிஸ்ட் போட்டேன்: ஐ5-12400எஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், லிக்விட் கூலர், ஆறு ஃபேன் வைத்த கண்ணாடி கேபினட், கேபினட்டோடு வரும் 600 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி), 24 இஞ்ச் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். யூபிஎஸ்ஸுக்குப் பணம் இல்லை, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கடல் எங்கள் வாசலிலிருந்து முந்நூறு அடிதான். பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றரை வருடத்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. "கரையில இதெல்லாம் நிக்காதுடா" என்கிறார் அப்பா. என் லிஸ்ட் சரியா? நானே அசெம்பிள் பண்ணலாமா?

பதில்: தம்பி, உங்கள் லிஸ்ட்டை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரில் இருக்கிற பையன் இதை அனுப்பியிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றச் சொல்லி இரண்டு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் இருப்பது தெற்குவாடி. வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டில் ஆரம்பித்து மற்றதற்கு வருகிறார்கள். நம் கரையில் சுவரிலிருக்கிற பிளக் பாயிண்டில் ஆரம்பித்துத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் கரண்ட், அடுத்தது காற்று, மிச்சப் பணத்தில் கார்டு. இந்த வரிசையை மட்டும் நீங்கள் ஒத்துக்கொண்டால் உங்கள் 85,000 ரூபாய் நல்ல இடத்தில் போய்ச் சேரும்.

பக்கத்து வீட்டு அண்ணனின் சிஸ்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே மாதிரி எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ராமநாதபுரத்தில் பத்தொன்பது வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கரையோரத்து கம்ப்யூட்டர்கள்தான் எனக்கு அதிகம் வரும். போன ஐப்பசியில் மண்டபத்திலிருந்து ஒன்று வந்தது. "டிஸ்பிளே வரல" என்று கொண்டுவந்தார்கள். பக்கத் தகட்டின் ஸ்குரூவில் தலையே இல்லை, துரு தின்றுவிட்டது. துளை போட்டுத்தான் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி. மதர்போர்டில் ஆடியோ பின்கள் பச்சையாகப் பூத்திருந்தன. ராமைக் கழற்றிப் பார்த்தால் ஸ்லாட்டுக்குள்ளும் அதே பச்சை. பென்சில் அழிப்பானால் ராமின் தங்கப்பூச்சுக் காலைத் துடைத்துவிடலாம், ஸ்லாட்டின் உள்ளே இருப்பதை எதைக் கொண்டு துடைப்பது? ஃபேனின் மேலிருந்த பிசுக்கை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அந்த சிஸ்டம் ஜன்னலுக்குக் கீழே, தரையில், ஏழு ஃபேனோடு இருந்திருக்கிறது. அந்த வீட்டுப் பையன் வேலைக்கு வெளியூர் போனபிறகு நான்கு மாதம் ஆன் பண்ணவே இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் அம்மா அடுப்படியில் கல்லுப்புச் சாடி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, யாரும் ஊற்றவில்லை, எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே இழுக்கும். நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்க்கத் தேவையில்லை, விடியலில் பைக் சீட்டைத் தொட்டாலே தெரியும். அலை உடையும்போது தெறிக்கிற துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளாக வீட்டுக்குள் வருகின்றன. ஃபேன் அதை இழுத்து போர்டில் ஒட்டுகிறது. ராத்திரி அது ஈரத்தைக் குடித்து உப்புத் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் கரண்டைக் கடத்தும். எதிர் எதிர் வோல்டேஜ் இருக்கிற இரண்டு பின்னுக்கு நடுவே அப்படி ஒரு துளி நின்றால் செம்பு கரைந்து பச்சையாகிறது, இரும்பு சிவப்பாகிறது, அலுமினியம் வெள்ளையாகப் பொரிகிறது.

ஆனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே சூடு இருக்கும். சூடான காற்றில் ஈரப்பதம் குறையும், உப்பு காய்ந்தே கிடக்கும். அணைத்து வைத்த பெட்டிதான் குளிர்ந்து கசியும். அதனால்தான் தினமும் ஓடுகிற சிஸ்டத்தைவிட சும்மா கிடக்கிற சிஸ்டம் இங்கே சீக்கிரம் சாகிறது. கேம் விளையாடாத நாளிலும் ஒரு மணி நேரம் ஆன் பண்ணி வையுங்கள். வெளியூர் போனால் தம்பி தங்கச்சி யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பாலிதீன் கவரை மூடிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் அடைந்துவிடும். அணைத்துச் சூடு ஆறியபின் பழைய பருத்தித் துணி ஒன்று போர்த்தினால் போதும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேபினட்டுக்குள் போட்டு வைக்கிறார்கள். திறந்த பெட்டியில் அது இரண்டே நாளில் ஈரம் குடித்து வீணாகிவிடும், அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். 1914-ல் திறந்த பழைய பாலத்தை இந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று தேடித் தேடிப் போட்டிருக்கிறார்கள். ரயில் பாலத்துக்கே அந்தக் கவனம் தேவைப்படுகிற இடத்தில் நாம் மெல்லிய தகட்டுப் பெட்டிக்குள் செம்புக் கோடுகளை வைக்கப் போகிறோம்.

சரி, பிளக் பாயிண்டுக்கு வருவோம். எந்த சாமானும் வாங்குவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சிஸ்டம் வைக்கப்போகிற இடத்தில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு நூறோ நூற்றைம்பதோ காட்டினால் உங்கள் வீட்டில் எர்த் செத்துவிட்டது என்று பொருள். நம் கரையில் இது ரொம்ப சகஜம். மணல் ஈரமாக இருப்பதால் எர்த் பிரமாதமாக இருக்கும் என்று நினைப்போம். அந்த உப்பு ஈரம்தான் எர்த்துக்காகப் புதைத்த இரும்புப் பைப்பையும் அதில் கம்பி முடுக்கிய போல்ட்டையும் தின்கிறது. வெளியே போய் அந்தப் போல்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பாதி வீடுகளில் கையோடு வந்துவிடும்.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கேபினட்டைத் தொட்டால் கையில் எறும்பு ஊர்கிறாற்போல இருக்கும். "லேசா ஷாக் அடிக்குது, ஆனா ஓடுது" என்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினட்டின் பாடிக்குப் போகின்றன. மின்சார இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த்தே இல்லையென்றால் பாடி நடுவில் தொங்கி, 230-ல் பாதியான 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் வேறு இடத்தில் எர்த் ஆன டிவியிலிருந்தோ இணைய இணைப்புப் பெட்டியிலிருந்தோ ஒரு கேபிளை இதில் செருகுகிற நொடியில் அந்த வோல்டேஜ் போர்ட் வழியாக இறங்கப் பார்க்கும். எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது, லேன் போர்ட் போய்விட்டது என்று வருகிற போர்டுகளில் நிறைய இந்தக் கதைதான். எர்த்தைப் புதிதாகப் போடச் சொல்லி வீட்டில் கேளுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டர் பணத்தில் சேராது, வீட்டில் மிக்ஸி தொடுகிற அம்மாவுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு வருகிற 600 வாட்டை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் எது வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கையில் தூக்கிப் பாருங்கள், நல்லது கனமாக இருக்கும், வயர் தடிமனாக இருக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் தனியாக இருக்கும். உங்களுக்கு 600 வாட் தேவையும் இல்லை. ப்ராசஸர் முழு மூச்சில் ஓடினால் 117 வாட், 4060 கார்டு 115 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து ஐம்பது வைத்தாலும் முந்நூறைத் தொடாது. பெயருள்ள கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் வெண்கலத் தரம் (Bronze), ஐந்து வருட வாரண்டி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 80 பிளஸ் என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவு. ஆயுளுக்கு அது சான்று இல்லை, ஆயுளுக்கு வாரண்டி வருடத்தைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பெட்டியில் ப்யூர் சைன் வேவ் என்று இருக்கிறதா, ஸ்கொயர் வேவ் என்று இருக்கிறதா? ஸ்கொயர் வேவ் என்றால் இந்த சிஸ்டத்தை அதில் ஓட்டவே வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, கரண்டைச் சீராக இழுக்கிற சர்க்யூட்டுக்கு அந்த முரட்டு அலை ஒத்துக்கொள்ளாது. ப்யூர் சைன் வேவ் என்றால் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் போன நொடியில் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருக்கிற இருப்பை வைத்து சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மாற்று வர வேண்டும். யூபிஎஸ் மோடில் இல்லாத இன்வெர்ட்டர் அதைவிட நேரம் எடுக்கும், சிஸ்டம் அணைந்து மறுபடி எழும். கேம் நடுவில் அணைவது பெரிய விஷயமில்லை. விண்டோஸ் அப்டேட் நடுவிலோ மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் நடுவிலோ அணைந்தால்தான் அழுகை. யூபிஎஸ் மோட் இருந்து, ஒழுங்காக மாறுகிறது என்றால் யூபிஎஸ் இல்லாமல் சமாளிக்கலாம், அந்தப் பணம் மிச்சம். இல்லையென்றால் 1 கேவிஏ யூபிஎஸ் வாங்கியே ஆக வேண்டும். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்தால் அதன் கழுத்தைப் பிடிக்கும், பேட்டரி கொஞ்சம் பழசானாலே கைவிடும். 1 கேவிஏவிலும் பத்து நிமிடம் தாங்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சேவ் பண்ணி அணைக்க அது போதும். வாங்கும்போது கடையிலேயே ஒரு கேமிங் சிஸ்டத்தை அதில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

லிக்விட் கூலரை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சாதாரண ஓட்டத்தில் 65 வாட், முழு மூச்சில் 117 வாட் எடுக்கிற ப்ராசஸருக்கு அது தேவையே இல்லை. அதன் ரேடியேட்டர் மெல்லிய அலுமினியத் தகடு, முதலில் வெள்ளைப் பொடி பூப்பது அங்கேதான். பம்ப் நின்றால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டும், தீவுக்குள் அதற்கு மாற்றும் உடனே கிடைக்காது. ப்ராசஸரோடு வருகிற கூலரே ஓடும். மே மாத வெக்கையில் சத்தம் குறைய வேண்டுமென்றால் ஒற்றை ஃபேன் வைத்த டவர் கூலர் ஒன்று போடுங்கள். அதன் 120 எம்எம் ஃபேன் கீச்சிட ஆரம்பித்தால் சில நூறு ரூபாயில் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

கேபினட்டிலும் அதே கணக்கு. ஒவ்வொரு ஃபேனும் உப்பை உள்ளே இழுக்கிற ஒரு வாய். உங்கள் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். முன்னால் கழற்றிக் கழுவுகிற மாதிரி நெருக்கமான வலை ஃபில்டர் இருக்க வேண்டும். உள்ளே வருகிற காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், ஃபில்டர் வழியாக மட்டுமே காற்று வரும், சந்து பொந்து வழியாக இழுக்காது. ஃபில்டர் உப்பை முழுக்கத் தடுக்காது. உப்போடு ஒட்டிய தூசியைத் தடுக்கும், பாதிச் சண்டை அங்கேயே முடியும். விளக்கு எரிகிற ஃபேன் பிடித்திருந்தால் வையுங்கள், இந்த மூன்றிலேயே வையுங்கள். கண்ணாடி துருப்பிடிக்காது, அது இருக்கலாம். தகடு கனமாக, பெயிண்ட் ஓரம் உரியாமல் இருக்கிறதா என்று மட்டும் நகத்தால் கீறிப் பாருங்கள். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு சிலிக்கான் மூடி விற்கிறார்கள், ஒரு செட் வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள்.

வைக்கிற இடமும் சொல்லவேண்டும். உங்களுக்குத் தென்கடல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கத்து ஜன்னல்தான் உப்புக்கு வாசல். அதற்கு எதிர்ச் சுவரோரமாக, வீட்டின் உள் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். ஏசி அறை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏசியை அணைத்த உடனே ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த தகட்டில் வெளிக்காற்று வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள்.

இப்போது ப்ராசஸர். இன்டெலா ஏஎம்டியா என்ற சண்டையில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. 12400-ம் ரைசன் 5 5600-ம் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், இரண்டும் 2022-ல் வந்தவை, 4060-க்கு இரண்டும் ஈடுகொடுக்கும். நான் சொல்வது வேறு. உங்கள் லிஸ்ட்டில் இருக்கிற அந்தக் கடைசி எழுத்தை, 'எஃப்'-ஐ, எடுத்துவிடுங்கள். எஃப் என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர். வெறும் 12400-ல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு. விலை கொஞ்சம் கூடும். எதற்கு இந்தக் கூடுதல் செலவு என்றால், கார்டு என்றைக்காவது மக்கர் பண்ணி வாரண்டிக்குப் போனால் மதுரைக்கும் சென்னைக்கும் போய்த் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். எஃப் ப்ராசஸர் வைத்திருந்தால் அத்தனை நாளும் சிஸ்டம் திரை இருண்டு கிடக்கும். அணைந்து கிடக்கிற பெட்டிக்கு இங்கே என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். உள் கிராபிக்ஸ் இருந்தால் படம் பார்க்கலாம், வேலை பார்க்கலாம், குறைந்த செட்டிங்கில் வேலரண்ட்கூட ஓட்டலாம், பெட்டியும் தினமும் சூடாகும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் அது உதவும். கார்டைக் கழற்றினால் டிஸ்பிளே வருகிறதா? அப்படியானால் குற்றம் கார்டில். ஏஎம்டிதான் வேண்டும் என்றால் 5600-ல் அந்த வசதி இல்லை, ரைசன் 5 7600-ல் உண்டு. ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராம் வேண்டும்.

அந்த ராம் விலைதான் இப்போது தலைவலி. 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் போன வருடத்து வீடியோவில் சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போய்விடுகின்றன. கேம்களைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியும் கூடவே ஏறியிருக்கிறது. வாங்குகிற வாரத்தில் நான்கு இடத்தில் விலை கேளுங்கள். டிடிஆர்4 எடுக்கிற பி660 அல்லது பி760 மதர்போர்டு ஒன்று, அதில் 8 ஜிபி இரண்டு ஸ்டிக், 3200 வேகம், இது போதும். 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டு பாதையில் ஓடும், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கார்டு, 4060 நல்ல தேர்வு. 2023-ல் வந்தது, 8 ஜிபி, 1080பி மானிட்டருக்குச் சரியாக இருக்கும். உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இதற்கு ஒதுக்கலாம். கடையில் அது இல்லாமல் 2025-ல் வந்த 5060-ஐக் காட்டினால் அதையும் எடுக்கலாம், 145 வாட், அதே எஸ்எம்பிஎஸ் தாங்கும். பணம் பற்றாக்குறை என்றால் ஆர்எக்ஸ் 6600-க்கு இறங்கலாம், வேலரண்டுக்கும் ஜிடிஏ 5-க்கும் அதுவே தாராளம். கார்டில் ஒரு படி இறங்கி யூபிஎஸ் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். யூபிஎஸ்ஸில் இறங்கி கார்டில் ஏறாதீர்கள். பழைய கார்டு வாங்குகிற எண்ணம் இருந்தால் கரையோரத்து ஊர்க் கார்டைத் தவிர்த்துவிடுங்கள். அப்படியே வாங்க நேர்ந்தால் போர்ட் இருக்கிற தகட்டைப் பாருங்கள், அங்கே துருப்புள்ளி இருந்தால் உள்ளே அதைவிட அதிகம் இருக்கும்.

எஸ்எஸ்டி, மதர்போர்டிலேயே செருகுகிற என்விஎம்இ வகையில் 1 டிபி. ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும், 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அதன் அடியில் போர்டின் தொடுபுள்ளிகள் காற்றுக்குத் திறந்தே கிடக்கும், நம் ஊரில் கறுத்துப் போகும். மானிட்டர் நீங்கள் சொன்னதே சரி.

வாங்குவது எங்கே என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரிச்சி தெருவில் விலை குறையலாம். ஆனால் பழுது வந்தால் சென்னைக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கார்டு மூன்றையும் மதுரையில் சர்வீஸ் சென்டர் இருக்கிற பிராண்டாகப் பார்த்து எடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வாரண்டி நிபந்தனையில் துருவும் ஈரமும் அநேகமாக விலக்கு என்றுதான் இருக்கும். எனக்கே ஒரு தடவை நடந்தது. பத்து மாதமே ஆன கார்டை ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். தகட்டு ஓரத்தில் ஒரு பொட்டுத் துரு இருந்ததைப் படமெடுத்து, பழுதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதபோதும், திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு என் கைப்பணத்தில் வேறு வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து புதுக் கார்டு வந்த அன்றே எல்லாப் பக்கமும் படமெடுத்து வைக்கிறேன், துணியில் லேசாக ஆல்கஹால் தொட்டு மாதமொரு தடவை அந்தத் தகட்டைத் துடைக்கவும் சொல்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

அசெம்பிள் நீங்களே பண்ணுங்கள். மொபைல் கடையில் கை பழகியவர், இது அதைவிடச் சுலபம். நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை: காலையில் வேர்க்காத நேரத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். வேர்வையும் உப்புத்தான். போர்டை ஓரத்தில் பிடியுங்கள், ராமின் காலைத் தொடாதீர்கள். ப்ராசஸர் சாக்கெட்டில் மயிரிழை பின்கள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அதன் மேலிருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அது வேண்டும். கேபினட்டில் மாட்டுவதற்கு முன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, ப்ராசஸர், கூலர், ராம் மட்டும் மாட்டி ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்கள். நீங்கள் எஃப்-ஐ விட்டுவிட்டதால் அப்போதே டிஸ்பிளே வரும். போர்டில் நான்கு ராம் ஸ்லாட் இருந்தால், ராம் இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியை பயாஸில் ஆன் பண்ண மறக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின் மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு கேம் ஓடவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் மாதம் ஒருவர் உண்டு. விண்டோஸ் 11 போடுங்கள், 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் இல்லாவிட்டால் வேலரண்ட் அதில் திறக்காது.

கடைசியாக உங்கள் அப்பா சொன்னது. கரையில் நிற்காது என்று அவர் சொல்வதைத் தட்டாதீர்கள், இரும்பை இந்தக் காற்று என்ன செய்யும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய படகு எஞ்சின் நிற்கிறதே, எப்படி? திரும்பி வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார், கிரீஸ் வைக்கிறார், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கும் அந்தப் பழக்கமே. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஃபில்டரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், உள்ளே மென்மையான பிரஷும் புளோயரும் போட்டுத் தூசி எடுங்கள். படகு கரையேறுகிற நாட்களில் வருடத்துக்கு ஒரு தடவை கார்டு, ராம் எல்லாவற்றையும் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ப்ராசஸர் பேஸ்ட்டை மாற்றிப் போடுங்கள். துரு எடுக்கிற ஸ்பிரேயை போர்டில் அடிக்கச் சொல்வார்கள், அடிக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பிசுக்கில்தான் அடுத்த வருடத்து உப்பு முழுக்க ஒட்டும்.

முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மூன்று அளவையும் எடுங்கள், இன்வெர்ட்டர் பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். யூபிஎஸ் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்தபிறகு, எந்தக் கார்டு என்று விலையோடு சேர்த்து முடிவு பண்ணலாம்.